ஒரு பாடத்துக்கு மட்டும்

விஸ்வநத்தம்
ஜனவரி 12, திங்கள்

ஆர்த்திக்கு,

இந்தத் தாளை மூன்றாக மடித்து, மைதா பசை தடவி, மேலே நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறேன். சரவெடி பின்னுகிறவர்கள் போடும் முடிச்சு. அவிழ்த்தால் திரும்பப் போட உங்கள் ஊரில் ஆள் கிடையாது. உன் கைக்கு வரும்போது முடிச்சு வேறு மாதிரி இருந்தால் எழுது. இதைக் கொண்டுவரும் இசைவாணி நல்லவள்தான். ஆனால் விருதுநகருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரம் நல்லவர்களுக்கும் கை சும்மா இருக்காது.

போனில் அனுப்பலாம். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே போன் என் அண்ணன் பாண்டியுடையது. உன்னுடையது உன் அம்மாவின் போன். இரண்டு பக்கமும் வேறு கண்கள்.

சனிக்கிழமை உங்கள் தலைமையாசிரியர் எங்கள் பள்ளிக்குப் பேசினார். வெள்ளிக்கிழமை வேதியியல் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் காணாமல் போயிருக்கிறது. விசாரணை முடியும் வரை நான் அங்கே வரக்கூடாது. இசைவாணி வரலாம். நான் மட்டும்.

முதல் நாள் பஸ்ஸில் நடந்ததை உனக்குச் சொன்னேன், நீ சிரித்தாய். கண்டக்டர் என் இலவசப் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ புள்ள, பாஸ்ல சிவகாசி வரைக்கும்தான் போட்டிருக்கு. ஆமத்தூர் தாண்டி எங்கன போற?" எங்கள் பள்ளியில் இரண்டு வருடமாக வேதியியலுக்கு ஆசிரியர் இல்லை, அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் செவ்வாயும் வெள்ளியும் அடுத்த கல்வி மாவட்டத்துக்குப் போகிறோம் என்று இசைவாணி விளக்கினாள். "சிவகாசியில இருந்து கெமிஸ்ட்ரி படிக்க விருதுநகருக்கா? உங்க ஊருல இல்லாத கெமிஸ்ட்ரியா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

இப்போது அது சிரிப்பாக இல்லை.

செய்முறைத் தேர்வு பிப்ரவரி 10. அதை உங்கள் ஆய்வகத்தில்தான் எழுத வேண்டும். அதற்கு நான் ஒழுங்காக வந்தேன் என்று உங்கள் தலைமையாசிரியர் பிப்ரவரி 6 மாலைக்குள் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேதியியலில் நான் 'வரவில்லை'. ஒரு பாடத்தில் வரவில்லை என்றால் பன்னிரண்டாம் வகுப்பே இல்லை.

உங்கள் வருகைப் பதிவேட்டில் எல்லாப் பெயரும் அச்சில். என் பெயர் மட்டும் கடைசியில், பென்சிலில். அழிக்க ஒரு ரப்பர் போதும்.

கேள்வி ஒன்றுதான். அருணாதேவி டீச்சர் அப்போது ஸ்டாஃப் ரூமில். உதவியாளர் பெத்தணன் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். இசைவாணி முன்னதாகவே கிளம்பிவிட்டாள். ஆய்வகத்தில் இருந்தது நீயும் நானும். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

என் ரெக்கார்டு நோட்டு உன்னிடம் இருக்கிறது. படம் வரைய வாங்கினாய். அதைக் கொடுத்து அனுப்பு.

சினேகா

•

விருதுநகர்
ஜனவரி 19, திங்கள்

சினேகா,

முடிச்சு அப்படியேதான் இருந்தது. என்னால் அவிழ்க்க முடியவில்லை. பிளேடால் அறுத்தேன். நூலைத் தூக்கிப் போடாமல் பேனா டப்பாவில் வைத்திருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு வீடு நிறைய ஆட்கள், அதனால்தான் தாமதம். வேறு காரணம் தேடாதே. நீ தேடுவாய்.

ஆமாம், நான்தான் சொன்னேன்.

எப்படி என்று கேள். சனிக்கிழமை காலை தலைமையாசிரியர் அறையில் பெத்தணன் அண்ணன் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். காணாமல் போன பாட்டிலில் இருந்தது கணக்கில் இருக்கும் உப்பாம், எத்தனை கிராம் எப்போது எடுத்தோம் என்று பதிவேடே இருக்கிறதாம். "இருவத்திரண்டு வருசமா ஒரு டெஸ்ட் டியூப் கூட தொலஞ்சதில்லீக சார்" என்று அவர் சொன்னார். பிறகு சார் என்னைப் பார்த்தார். "ஆர்த்தி, நீ என்ன பாத்த?"

சினேகா துப்பட்டாவுக்குள் பாட்டிலை வைத்துக்கொண்டு வெளியே போனாள் என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. நீ போனாய், துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாய். வராந்தா திரும்பும் வரை ஆய்வக வாசலில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது.

சார் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது. "அங்கன வீட்டுக்கு வீடு பட்டாசு. போன மாசம் கூட ரெண்டு வீட்டுல சீல் வச்சாக. இங்க இருந்து ஒரு பாட்டில் போனா எங்க போயிருக்கும்னு நான் சொல்லணுமா?" அருணாதேவி டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்கள்.

உங்கள் வீட்டில் சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுவோம் என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். அதை நான் சாரிடம் சொல்லவில்லை. அதற்காவது என்னை நம்பலாம்.

ஆனால் நீ ஏன் எடுத்தாய்? எங்கே கொண்டு போனாய்? எனக்காவது சொல். நான்கு மாதம் ஒரே மேசையில் நின்றிருக்கிறோம்.

ரெக்கார்டு நோட்டு இதோடு வருகிறது. தாளில் வத்தல் நெடி அடித்தால் மன்னித்துக்கொள், கடையில் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் வீட்டுக்கு வரும் தபால் எல்லாம் முதலில் கடைக்குத்தான் போகும், கணக்கப்பிள்ளை பிரித்துப் பார்த்துத்தான் மேலே வரும். அதனால் நீயும் இசைவாணி வழியாகவே எழுது.

ஆர்த்தி

•

விஸ்வநத்தம்
ஜனவரி 22, வியாழன்

ஆர்த்திக்கு,

ரெக்கார்டு நோட்டு வந்தது. பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. எண்ணினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் நின்று பார்த்ததைச் சொல்லியிருக்கிறாய். மேசையில் நின்று செய்ததைச் சொல்லவில்லை.

அன்று காலை ஒன்பதாம் வகுப்புக்கு டீச்சர் ஆக்சிஜன் தயாரித்துக் காட்டியிருந்தார்கள். அந்த வெள்ளை உப்பு பாட்டில் மேசையிலேயே நின்றது. லேபிள் சுவர்ப் பக்கம். பக்கத்தில் ஒரு காகிதத்தில் எரித்துக் காட்டிய கந்தகத்தின் மீதி. அப்புறம் நம் வகுப்பின் மீதிகள், ஐந்தாறு காகிதத்தில்.

நான் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். நீ ஒவ்வொரு காகிதமாக எடுத்து, நடுவில் மடித்து, அந்தப் பாட்டிலுக்குள் தட்டிக்கொண்டிருந்தாய். மஞ்சள் காகிதம் கடைசி. பிறகு மூடியைத் திருகினாய். பிறகு குலுக்கினாய். இரண்டு முறை.

என் அப்பா வேலுச்சாமி கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். பதினெட்டு வருடம். அவருக்கு அந்த வெள்ளை உப்பு தெரியும். அதற்குப் பக்கத்தில் கந்தகம் வரக்கூடாது என்பது தெரியும். சேர்ந்தால் நெருப்பு வேண்டாம். உரசல் போதும். எங்கள் தெருவில் குழந்தைகளுக்கு எண்கள் சொல்லிக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுப்பார்கள். தவறான மருந்து கண்ணில் பட்டால் கத்தக்கூடாது. கத்தினால் ஆள் ஓடும். ஓடினால் எதுவாவது இடிக்கும். பேசாமல் எடு. மெதுவாக நட. வெளியே கொண்டு போய் அழி. மீந்ததைப் பொழுது சாயும் முன் அழித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக்கூடாது.

நீ பையை மாட்டிக்கொண்டிருந்தாய். பாட்டில் மேசை விளிம்பில் இருந்தது. நான் எடுத்தேன். வெயில் படக்கூடாது என்று துப்பட்டாவால் மூடினேன். நடந்தேன்.

அழித்தேன். எங்கே, எப்படி என்று எழுத மாட்டேன். நீ எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உனக்காகக் கேட்கிறாயா, உங்கள் சாருக்காகக் கேட்கிறாயா, உன் அப்பாவுக்காகவா. அவர் உங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கிறார் என்று இசைவாணி சொன்னாள். நீ நான்கு மாதத்தில் ஒரு முறையும் சொன்னதில்லை.

சினேகா

•

விருதுநகர்
ஜனவரி 26, திங்கள்

சினேகா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம். இரண்டாம் முறை நீ கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். தப்பிக்கிறவர்கள் இப்படித்தான், குற்றத்தைத் தூக்கி எதிர் இலையில் வைப்பார்கள் என்று. மூன்றாம் முறை பாதியில் நிறுத்தினேன்.

குலுக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நீ எங்கள் கடைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் புரியும். வாங்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கை அள்ளிக் காகிதத்தில் கொட்டிக் காட்டுவார்கள். மல்லி, உளுந்து, துவரை. சாயங்காலம் கடை எடுத்து வைக்கும்போது அந்த மாதிரிக் காகிதங்களை எல்லாம் மடித்து ஒரே சாக்கில் தட்டுவோம். எது எது என்று பார்ப்பதில்லை. சாக்கை இரண்டு குலுக்குக் குலுக்கி ஓரமாக வைத்தால் யாராவது மாட்டுத் தீவனத்துக்கு வாங்கிப் போவார்கள். ஐந்து வயதிலிருந்து அது என் வேலை. ஒரு காகிதம் தட்டாமல் கிடந்தால் அப்பா கேட்பார், "ஏம்மா, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்தப் பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மீதி போடும் பாட்டில் என்று நினைத்தேன். நினைத்தேனா என்பதும் சந்தேகம். கைதான் செய்தது.

வெள்ளிக்கிழமை டீச்சரிடம் கேட்டேன். பொதுவாகக் கேட்கிற மாதிரி. "டீச்சர், அந்த உப்பும் கந்தகமும் தெரியாம சேந்துட்டா?" டீச்சர் எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸ் நின்றது. "யாரு சேத்தா?" யாரும் இல்லை, சும்மா என்றேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தார்கள். "சும்மா கேக்குற கேள்வியா இது?" அன்று முழுக்க அந்தப் பார்வை என் முதுகில் இருந்தது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நீ ஏன் அங்கேயே சொல்லவில்லை? வெளியே போய்த் திரும்பி வந்தாய். கை கழுவினாய். என்னைப் பார்த்து "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சனிக்கிழமை வேறு மாதிரி பேசியிருப்பேன். என்னை மாட்டிவிட வேண்டும் என்றே பேசாமல் இருந்தாயோ என்று கூடத் தோன்றுகிறது. மன்னித்துக்கொள். தோன்றியதை எழுதுகிறேன்.

எங்கே அழித்தாய் என்று தெரிந்தால் நான் சாரிடம் பேசுவதற்கு ஒரு ஆதாரம் இருக்கும். அதற்காகத்தான் கேட்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

ஆர்த்தி

•

விஸ்வநத்தம்
ஜனவரி 29, வியாழன்

ஆர்த்திக்கு,

'ஆதாரம்.' இந்தச் சொல்லை நீ எழுதினாயா, யாராவது சொல்லி எழுதினாயா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய்.

சொன்னால் முதல் கேள்வி, உனக்கு எப்படித் தெரியும். பாடப் புத்தகத்தில் நாம் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. அப்பா சொல்லித் தெரியும் என்று சொல்ல வேண்டும். அப்பா என்ன செய்கிறார். எந்தக் கம்பெனி. வீட்டில் என்ன இருக்கிறது. நாங்கள் உருட்டுவது வெறும் காகிதக் குழாய், அதில் மருந்து ஒரு பொட்டு கிடையாது. ஆனால் வந்து பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டு நம்ப மாட்டார்கள். நம்பாமல்தான் பார்க்க வருவார்கள். இந்த மாதம் மட்டும் எங்கள் தெருவுக்கு மூன்று முறை ஜீப் வந்துவிட்டது.

உங்கள் பள்ளியில் நான் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் யாராவது, "ஏ, சிவகாசி பேசுதுடி, தள்ளி நில்லு" என்பார்கள். நீயும் ஒரு முறை சொல்லியிருக்கிறாய். விளையாட்டுக்குத்தான். நானும் சிரித்தேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உன்னைச் சொல்ல வேண்டியிருக்கும். அதை நான் அன்று பெரிய காரணமாக நினைத்தேன். இன்று அவ்வளவு நினைக்கவில்லை.

எனக்கு வேதியியல் ஏன் வேண்டும் என்று நீ ஒரு நாள் கேட்டாய். மார்க்குக்கு என்றேன். பொய். அப்பாவுக்கு எதோடு எது சேரக்கூடாது என்று தெரியும். ஏன் என்று தெரியாது. அவருடைய அண்ணனுக்கும் தெரியாது, அவர் இப்போது இல்லை. எது என்பது மட்டும் தெரிந்து பதினெட்டு வருடம் தினமும் காலையில் ஒருவர் வேலைக்குப் போகிறார். எனக்கு 'ஏன்' வேண்டும். அதற்குத்தான் இருபத்தேழு கிலோமீட்டர்.

அதனால் நேராகக் கேட்கிறேன். நீ செய்ததை நீ சொல். ஆதாரம் வேண்டாம். சொன்னால் போதும். நீ சொன்னால் நம்புவார்கள். நான் சொன்னால் எழுதிக்கொள்வார்கள்.

இன்னும் எட்டு நாள்.

சினேகா

பி.கு: இந்த முறை முடிச்சு இரண்டு.

•

விருதுநகர்
பிப்ரவரி 2, திங்கள்

சினேகா,

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, நீ நம்ப மாட்டாய், ஆனால் நான் சொல்லவில்லை. பேனா டப்பாவில் இருந்த நூல்களைப் பார்த்திருக்கிறார். மூட்டை தைக்கிற சணல் இல்லை, தையல் நூலும் இல்லை. "இது பட்டாசு நூலு. யாரு குடுத்தா?" அவருக்குக் கை பட்டால் எந்தச் சரக்கு எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம் தட்டியது, குலுக்கியது, எல்லாம்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கல்லாவைப் பூட்டிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அந்தப் புள்ளைக்குப் பரீச்ச எழுதணும். அம்புட்டுத்தான?"

"ஆமாப்பா."

"எழுத வச்சிருவோம். எச்.எம். கிட்ட நான் பேசுறேன். ஒரு பேப்பர்ல, 'தெரியாம எடுத்துட்டேன், இனிமே இப்படி நடக்காது'ன்னு அந்தப் புள்ள எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. உன் பேரு எதுக்கு நடுவுல?"

"நான்தானப்பா தட்டுனேன்."

"யாரு பாத்தா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் தாள் எடுத்து அவரே எழுதினார். அதை இதோடு வைத்திருக்கிறேன். நான்கு வரிதான். உன் கையெழுத்தில் எடுத்தெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை சாரிடம் போய்விட்டால் சாயங்காலம் சான்று தயார். அப்பா சொன்னால் நடக்கும். அய்யாதுரை என்ற பெயருக்கு இந்த ஊரில் அது ஒன்று உண்டு.

எனக்கே இது பிடிக்கவில்லை. ஆனால் உனக்குத் தேர்வு முக்கியமா, யார் சொன்னது சரி என்பது முக்கியமா? யோசித்துப் பார். நான்கு வரி.

ஆர்த்தி

•

விஸ்வநத்தம்
பிப்ரவரி 4, புதன்

ஆர்த்திக்கு,

நடந்ததை எல்லாம் சொல்லி, நான்கு வரியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கம்பெனியிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் வெள்ளிப்பொடி போகாது. அதே விரலால் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கூட்டெழுத்து வாசிக்க வராது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவுக வீட்டுல எழுதுனதா?"

"ஆமா."

"எழுத்து அழகா இருக்கு."

அம்மா அடுப்படியில் இருந்து, "போட்டுக் குடுத்துட்டுப் பரீச்சய எழுதட்டும், என்ன இப்ப?" என்றாள்.

அப்பா சொன்னார், "வெவரம் தெரியாமப் பேசாத குருவம்மா. இதுல இவ பேரு இருக்கும். பாட்டில் பேரு இருக்கும். எடுத்தேன்னு இருக்கும். ஏன் எடுத்தான்னு இருக்காது. நாளைக்கு இந்தத் தெருவுல டப்புன்னு ஒரு சத்தம் கேட்டா, மொதல்ல பீரோவத் தொறந்து இந்தப் பேப்பரத்தான் எடுப்பாக."

அம்மா அடுப்பை அணைத்தாள்.

பிறகு அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். "மூடியத் திருகியா வச்சிருந்துச்சு?" ஆமாம் என்றேன். "திருகுல ஒரு துணுக்குப் பொடி இருந்திருந்தா..." என் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். அவருக்கு இந்த மூன்று வாரமும் நான் ஏன் விருதுநகர் போகவில்லை என்று அதுவரை தெரியாது. டீச்சர் லீவு என்று சொல்லி வைத்திருந்தேன். நானும் மறைப்பவள்தான். எழுதிக்கொள்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லாமல்.

யார் சொன்னது சரி என்பது முக்கியமா என்று கேட்டாய். எனக்கு முக்கியமில்லை. என்ன நடந்தது என்பது முக்கியம். இரண்டும் வேறு. உன் அப்பா "யாரு பாத்தா?" என்று கேட்டார், நீ பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் பார்த்தேன், ஆர்த்தி. அந்த இடத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். இசைவாணியிடமும் சொல்லிவிட்டேன், நீ கொடுத்தால் வாங்க வேண்டாம் என்று. அவள் வாங்குவாள். அவள் அப்படித்தான்.

சினேகா

•

விருதுநகர்
பிப்ரவரி 6, வெள்ளி

சினேகா,

இசைவாணி வாங்க மாட்டேன் என்றாள். பைக்குள் நானே திணிக்கப் போகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் உடைந்த பொருட்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறதே, நீளமாக, பச்சை அட்டை போட்டது. குழாய் உடைத்தவர் தேதி போட்டு, எப்படி உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீ செப்டம்பரில் ஒரு பிப்பெட்டுக்குப் போட்டிருக்கிறாய். அதில் பக்க எண் அச்சடித்திருக்கும், கிழித்தால் தெரியும். ஒவ்வொரு வருடமும் ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். என் அப்பாவால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

இன்று காலை மணி அடிக்கும் முன் போனேன். பெத்தணன் அண்ணன் சாவி திருகிக்கொண்டிருந்தார். "என்ன தாயீ, எதைப் போட்டு ஒடச்ச?" என்றார். பதிவேட்டைக் கேட்டேன். எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க ஆகிவிட்டது. எல்லாவற்றையும் எழுதினேன். எழுத்து கோணல்.

அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்துவிட்டு அந்த மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அவர்தான் அங்கே துணி போட்டுத் துடைப்பார். "அந்தப் புள்ளைய நானும்தான சந்தேகப்பட்டேன்" என்றார். அவரே எடுத்துக்கொண்டு சாரிடம் போனார்.

அப்பாவுக்கு இந்நேரம் போன் போயிருக்கும். வீட்டுக்கு இன்னும் போகவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ரயில்வே பாலம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

சான்று நாலரை மணிக்குக் கையெழுத்தானது. டீச்சர் என்னிடம் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை வா.

ஆர்த்தி

•

விஸ்வநத்தம்
பிப்ரவரி 11, புதன்

ஆர்த்திக்கு,

நேற்று பஸ்ஸில் அதே கண்டக்டர். பாஸைப் பார்க்கவில்லை. "கெமிஸ்ட்ரி முடிஞ்சிருச்சா?" என்றார். இன்றைக்கு முடியும் என்றேன்.

எனக்கு வந்த உப்பைக் கண்டுபிடித்தேன். கடைசிச் சோதனையில் நிறம் வரத் தாமதமானது, வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார், அது ஏன் அப்படி மாறுகிறது என்று. சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அந்த 'ஏன்' எனக்குத் தெரிந்திருந்தது. அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

நீ நான்கு மேசை தள்ளி நின்றாய். மீதிக் காகிதங்களைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். உன் கன்னத்தில் இருந்த தடத்தைப் பார்த்தேன். யார் என்று கேட்கவில்லை. எல்லோரும் இருந்தார்கள், பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தாலும் பேசியிருப்பேனா, தெரியாது.

வருகைப் பதிவேட்டில் என் பெயரை யாரோ மையில் எழுதியிருக்கிறார்கள். பென்சில் தடத்தின் மேலேயே.

முடிந்ததும் பெத்தணன் அண்ணனிடம் அந்தப் பச்சை அட்டைப் பதிவேட்டைக் கேட்டேன். நீ எழுதியிருப்பாய் என்பதை நம்பவில்லை. சான்று வந்த பிறகும் நம்பவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும். "பாரு தாயீ, உனக்கு இல்லாததா" என்று எடுத்துக் கொடுத்தார்.

பக்கம் 61. எழுதியிருக்கிறாய். காகிதங்களைத் தட்டியது. மூடியைத் திருகியது. இரண்டு முறை குலுக்கியது. ஒன்றையும் குறைக்கவில்லை. நின்றபடியே முழுவதும் படித்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன்.

கடைசி ஐந்து வரி வரை.

அதில் இருந்தது நான் செய்தது. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் விளிம்பு உடைந்த சிமென்ட் தொட்டி. பாட்டிலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துக்கொண்டே மூடியைத் திறந்தது. தொட்டி நிரம்பி வழியும் வரை ஊற்றியது. வெறும் பாட்டிலைக் கழுவி, தீயணைப்பு மணல் வாளிக்குள் புதைத்தது. பதினோரு மக் தண்ணீர்.

இதில் ஒன்றைக்கூட நான் உனக்கு எழுதியதில்லை. நீ இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் எழுதவில்லை. வராந்தா திரும்பும் வரைதான் பார்த்தேன், அதற்குப் பிறகு எதுவும் தெரியாது என்று நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது.

நீ என் பின்னால் வந்திருக்கிறாய். ஷெட் மறைவில் நின்றிருக்கிறாய். நான் திருடவில்லை என்பது அந்த வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியும். தெரிந்துதான் சனிக்கிழமை அவர் அறையில், "வெளியே போனாள்" என்று அந்த இடத்தில் நிறுத்தினாய்.

பிறகு ஏன் அந்த ஐந்து வரியையும் எழுதினாய்? எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. சான்று வந்திருக்கும். நான் உன்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டு போயிருப்பேன். அது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைத்தான் நேற்றிலிருந்து சோதித்துப் பார்க்கிறேன். நிறம் வரவில்லை.

தொட்டியில் ஊற்றும்போது வாய்க்குள் அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை மக் என்று நான் எண்ணவில்லை, ஆர்த்தி.

நீ எண்ணியிருக்கிறாய்.

சினேகா